இன்னொருத்தி பெயரில் வந்தவள்

"ஏன்" என்று கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஓசூர் தொழிற்பேட்டையில், கார்களின் வயிற்றுக்குள் போய் மறைந்துவிடும் சின்னச் சின்ன இரும்புப் பாகங்களைக் கடைந்தெடுக்கும் தொழிற்சாலை ஒன்றின் தரப் பிரிவில் வேலை. முந்தின நாள் கழிபட்ட பாகங்களைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவைப்பார்கள். காலை எட்டேகாலுக்கு அதைச் சுற்றி நின்று பேசுவதற்கு ரெட் பின் மீட்டிங் என்று பெயர். கெடுத்தவர் தான் கெடுத்ததைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வர வேண்டும். நான் ஐந்து முறை ஏன் என்று கேட்பேன். துளை ஏன் பெரிதானது? டூல் தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை? இப்படியே தோண்டிக்கொண்டு போனால் ஐந்தாவது ஏனுக்கு அடியில் உண்மை உட்கார்ந்திருக்கும் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை. பெரும்பாலும் அங்கே ஒரு மனிதன் தூங்கிக்கொண்டிருப்பான்.

ஊரையெல்லாம் ஏன் கேட்ட நான், நாற்பத்தாறாவது வயதில், நாலு வருடம் பழகிய பெண் ஓர் ஆடி மாதச் சனிக்கிழமை தேநீர்க் கடையில் வைத்து, "எனக்குப் பெங்களூர்ல வேல கெடச்சிருக்கு. போறேன். நீங்க வர வேணாம்" என்றபோது ஒற்றை ஏன் கூடக் கேட்கவில்லை. பக்கத்துத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருந்தவள். ஐப்பசியில் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாக இருந்தோம். நான் சொன்னதெல்லாம் இதுதான்: கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டிப் போகும் மேகம் பெய்யாமலே நனைத்துவிட்டுப் போவது போல இருக்கிறது.

"பாத்தீங்களா, இதுக்குத்தான்" என்றாள். கிளாசை வைத்தாள். போய்விட்டாள்.

அந்த வாக்கியத்தை அன்று நான் கவனித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. நான் கவனித்தது, அவள் வைத்த கிளாசின் அடியில் பதிந்த ஈர வட்டத்தை. அதை என்னென்னவோடெல்லாம் ஒப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

நடு வயதில் காதல் தோற்பது மிகவும் அசௌகரியமானது. தாடி வைத்தால் நரையாக வருகிறது. குடித்தால் மறுநாள் இடுப்பு வலிக்கிறது. இந்த ஊரில் என் வயது ஆண்கள் மனம் உடைந்தால் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தளி சாலையில் சத்தம் போட்டுக்கொண்டு போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். எனக்கு மோட்டார் சைக்கிள் என்றால் பயம். ஆகவே மாடியில் தக்காளி வளர்ப்பது என்று முடிவு செய்தேன்.

பேரிகைப் பக்கம் நாற்றுப் பண்ணைகள் வரிசையாக இருக்கின்றன. பச்சை வலை போட்ட கொட்டகைக்குள், குழித்தட்டுகளில், தென்னைநார்க் கழிவில் முளைத்த தக்காளியும் முட்டைக்கோசும் குடைமிளகாயும் ஒரே உயரத்தில் ஒரே திசையில் தலையாட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றில் நுழைந்தேன். பொறுப்பாளராக ஒரு பெண் இருந்தார். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண் சட்டை, காதில் பேனா.

"எத்தன?" என்றார்.

"இருபது."

"இருபதாயிரம் இன்னிக்கி முடியாதுங்க. நாளன்னிக்கி வாங்க."

"இருபது நாத்து."

காதிலிருந்த பேனாவை எடுத்தார். என்னைத் தலை முதல் கால் வரை ஒரு தட்டை எண்ணுவதுபோல் எண்ணினார்.

"இருபதா? எதுக்கு, மொசல் வளக்கறீங்களா?"

"மாடியில வைக்க."

"யாரு வுட்டுட்டுப் போனாங்க?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நாப்பது தாண்டுன ஆம்பள, தனியா வந்து இருபது நாத்து கேட்டா ரெண்டு காரணந்தான். ஒண்ணு, டாக்டர் சொல்லியிருக்கணும். இல்ல, யாராச்சும் வுட்டுட்டுப் போயிருக்கணும். உங்களுக்குச் சக்கர இருக்கற மாதிரி தெரியல."

அவரை விட்டுப் போனது ஒரு விதைக் கம்பெனிப் பிரதிநிதி. ஆறு வருடம் மாதா மாதம் புதுப் புது ரகங்களின் படம் போட்ட அட்டையுடன் வந்து டீ குடித்தவன், கோலாரில் ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டான். கல்யாணப் பத்திரிகையையும் அதே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தானாம், குடைமிளகாய் அட்டைக்கு அடியிலிருந்து. இதை அவர் சொன்னபோது சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் சிரித்துவிட்டேன்.

என் இருபது நாற்றும் மூன்று வாரத்தில் இலை சுருண்டு செத்தன. நோயைக் காட்ட ஒருமுறை, மருந்து கேட்க ஒருமுறை, துக்கம் சொல்ல ஒருமுறை போனேன். அதற்குப் பிறகு காரணம் தேடவில்லை. ஞாயிறு காலைகளில் பாகலூர் வரை போய் இட்லி சாப்பிட்டோம். அவர் அவளானார். அவளுக்கு வீட்டு மொழி தெலுங்கு. தட்டுகளைக் கன்னடத்தில் எண்ணுவாள், வேலையாட்களைத் தெலுங்கில் திட்டுவாள், என்னோடு சண்டை பிடிப்பது மட்டும் தமிழில். "இது டெம்பரவரி, தெரியுமில்ல?" என்று முதல் ஞாயிறே சொல்லிவிட்டாள். "எனக்கு ஆறின உடனே நான் போயிடுவேன். உங்களுக்கு ஆறின உடனே நீங்க போயிடுங்க. போறப்ப பத்திரிகையெல்லாம் குடுக்கக் கூடாது."

நாகரிகமான ஏற்பாடு. ஒப்பந்தத் தொழிலாளர் வைப்பதில் இந்தத் தொழிற்பேட்டைக்கே அனுபவம் அதிகம். எனக்கும் அது இயல்பாகத்தான் பட்டது.

அந்த ஞாயிறுகளில் நான் பேசியதெல்லாம் போனவளைப் பற்றி. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மழையைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதி அனுப்பினேன், ஒரு பதிலும் போடவில்லை, எவ்வளவு கல்மனசு பார். அவள் பேசும்போது நான் எவ்வளவு நுணுக்கமாக அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன், அதைக்கூடக் குற்றம் என்றாள் பார். இவள் தட்டுகளில் நார் நிரப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ம் என்பாள். அந்த ம் எனக்கு ஆறுதலாக இருந்தது. இவள் மனசுக்குள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

புரட்டாசி வந்தது. ஆயுத பூஜை வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஆண்டுக்கு ஒருநாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். மிஷின்களைக் குளிப்பாட்டி, கன்ட்ரோல் பேனலுக்குச் சந்தனம் வைத்து, கூலன்ட் தொட்டிக்குச் சாமந்தி சுற்றி, இரண்டு பக்கமும் வாழைக் கன்று கட்டி நிறுத்துவார்கள். ஃபோர்க்லிஃப்ட் எலுமிச்சம்பழங்களின் மேல் ஏறி இறங்கும். பொரி, கடலை, ஒரு எவர்சில்வர் பரிசு. குடும்பத்தார் பெயரை இரண்டு மாதம் முன்பே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அந்தப் பெயரில் கழுத்தில் மாட்டுகிற பாஸ் வரும். நாலு வருடமாக நான் எல்லோரிடமும் போனவளைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். நாலு வருடமும் அவள் அடுத்த வருடம் வருகிறேன் என்றாள். இந்த வருடம் ஐப்பசியில்தான் கல்யாணமே என்ற தெம்பில், ஆடி பிறந்தவுடன் படிவத்தில் 'மனைவி' என்ற கட்டத்தில் அவள் பெயரை ஏற்றிவிட்டேன். ஆடி முடிவதற்குள் அவள் அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டாள்.

பூஜைக்கு ஒரு வாரம் முன்பு ஹெச்.ஆர். பிரிவுப் பெண்ணிடம் பெயரை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

"லிஸ்ட் லாக் ஆயிடுச்சு சார். ஏன், மேடம் வரலியா?"

இங்கேயும் ஒரு ஏன். வருவாங்க என்று சொல்லிவிட்டேன். நுணுக்கமாக அளக்கத் தெரிந்தவன். ஆனால் வாயிலிருந்து வருவதை அளக்கும் கருவி இன்னும் சந்தைக்கு வரவில்லை.

அந்த ஞாயிறு பண்ணைக்குப் போய் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். இன்னொருத்தியின் பாஸை மாட்டிக்கொண்டு, அந்தப் பெயரில், என் பெண்டாட்டியாக அரை நாள் வர முடியுமா? உலகத்தில் எந்தப் பெண்ணிடமும் இதைக் கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இவள் டெம்பரவரிதானே என்ற தைரியத்தில் கேட்டேன்.

கையிலிருந்த நாரைத் தட்டினாள்.

"சாப்பாடு உண்டா?"

"உண்டு."

"என்ன சாமான் குடுப்பாங்க?"

"டிபன் கேரியர்னு பேச்சு."

"எத்தன அடுக்கு?"

"மூணு."

"வரேன்" என்றாள்.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு பேரின் பெயரையும்தான். பூஜையன்று காலை கேட்டில் செக்யூரிட்டி பாஸைப் பார்த்து உரக்கப் படித்தார். "ஆமாங்க, நான்தான்" என்று சொல்லிக் கழுத்தை நீட்டினாள். பச்சைப் பட்டுச் சேலை. காதில் பேனா இல்லை. அதனாலோ என்னவோ யாரோ போல இருந்தாள்.

எங்கள் பிரிவின் மூத்த ஆபரேட்டர் ஜவளகிரிப் பக்கத்துக்காரர். என்னோடு சேர்ந்து இதே கூரைக்குக் கீழே நரைத்தவர். அவர் மனைவி எங்களைக் கண்டதும் பொரித் தட்டோடு வந்துவிட்டார்.

"நாலு வருசமா உன்னப் பாக்கணும்னு வந்து வந்து பொரி தின்னுட்டுப் போறேன், தங்கச்சி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"இவரு கூப்ட்டாத்தானக்கா?" என்றாள் இவள். "வான்னு சொல்ல மாட்டாரு. வந்தா எப்பிடி இருக்கும்னு சொல்வாரு."

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். நன்றாக நடிக்கிறாள் என்று பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்து மிஷின்களின் மனைவிமார் கூடினார்கள்.

"ஓட்டலுக்குப் போனா, சாம்பார்ல பூச்சி கெடந்தாலும் சண்ட போட மாட்டாரு. பாவம், நீச்சல் கத்துக்கலன்னு சொல்லிட்டுச் சாப்புடுவாரு."

"அய்ய!"

"நான் பேசிக்கினே இருப்பேன்க்கா. தலைய ஆட்டிக்கினே இருப்பாரு. நானும் ஏதோ காதுல வாங்கறாருன்னு வூட்டுக் கஷ்டம், ஆபீஸ் கஷ்டம் அம்புட்டையும் கொட்டுவேன். முடிச்சதும் என்ன சொல்வாரு தெரியுமா? 'நீ பேசறப்ப உன் கம்மல் ஆடுது.'"

ஒரு பெண் தன் கணவனைத் திரும்பிப் பார்த்து, "இந்தாளு கம்மலக்கூடப் பாக்க மாட்டாரு" என்றார். இன்னொருவர், "பாத்தா மட்டும்?" என்றார்.

"ஒரு வாட்டி காய்ச்சல்" என்றாள் இவள். இப்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "மூணு நாளு எந்திரிக்க முடியல. பக்கத்துல யாரும் இல்ல. இவருக்குச் சொல்லி அனுப்புனேன். மாத்திர வாங்கிட்டு வருவாரு, ஒரு கஞ்சி வாங்கிட்டு வருவாருன்னு கதவையே பாத்துட்டுக் கெடந்தேன். போன் அடிச்சிச்சு. மழையப் பத்தி ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. ஆபரேட்டரின் மனைவி என்னைப் பார்த்த பார்வையை ஒரு கேஜில் வைத்து அளக்கலாம்.

"அண்ணா, நெசமாவா?"

நிஜம்தான். அந்தக் கதவைத் தவிர எல்லாம் நான் சொன்னதுதான். ஞாயிறுதோறும் என் தரப்பாக நான் கொட்டிய புகார்களை, சட்டையை உள்ளிருந்து வெளியே திருப்புவதுபோலத் திருப்பி, தையல் தெரியக் காட்டிக்கொண்டிருந்தாள். நாலு வருடம் அருகில் இருந்து ஒருத்தி சொல்லச் சொல்லக் கேட்காததை, அவளை ஒருநாளும் பார்த்திராத இன்னொருத்தி, கடன் வாங்கிய பாஸை மாட்டிக்கொண்டு, பொரி தின்றுகொண்டே சொல்ல, நான் முதன்முதலாகக் கேட்டேன். அங்கே பூசணிக்காய் உடைத்தார்கள். ரொம்பப் பொருத்தமாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு பரிசு வரிசை. ஹெச்.ஆர். பெண் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பதிவேட்டில் பெயர்கள் அச்சிட்டிருந்தன, நேரே கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் முறை வந்தது. "மேடம், இங்க ஒரு சைன்."

இவள் பேனாவை வாங்கினாள். அச்சிட்டிருந்த பெயரைப் பார்த்தாள். என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"கூப்ட்டாங்க, திரும்புனேன். அது வெளையாட்டு. இது கையெழுத்துங்க."

குனிந்து, தன் பெயரை, அப்பா பெயரின் முதலெழுத்தோடு, பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல் முழுசாக, நிதானமாக எழுதினாள்.

"பேர் வேற மாதிரி இருக்கே சார்?" என்றார் ஹெச்.ஆர். பெண்.

பின்னால் முப்பது பேர் நின்றார்கள். ஆபரேட்டரும் மனைவியும் எங்களுக்கு அடுத்து. இவள் என்னைப் பார்க்கவில்லை. டிபன் கேரியரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அரை மூச்சு அளவுக்கு நேரம் இருந்தது. அதற்குள் ஒரு மனிதன் எவ்வளவு கேவலமாக முடியுமோ அவ்வளவும் ஆனேன்.

"அது வீட்ல கூப்பிடற பேரு."

"ஓ, செல்லப் பேரா? சூப்பர் சார்!" டிபன் கேரியர் கைமாறியது. வரிசை நகர்ந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

கேட்டுக்கு வெளியே வந்ததும் பாஸைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"எங்கப்பா வச்ச பேருங்க அது. காலையிலருந்து ஒரே ஒரு எடத்துல எழுதுனேன். அதயும் செல்லப் பேராக்கிட்டீங்க."

"அவசரத்துல…"

"டெம்பரவரின்னு நான்தான் சொன்னேன். ஆனா அதுல எம் பேரு டெம்பரவரின்னு சொல்லல."

ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் டிபன் கேரியரை நிறுத்தி, இரண்டு பாதங்களாலும் அணைத்துக்கொண்டு, பேரிகைச் சாலையில் போய்விட்டாள். இந்த முறை எனக்கு எந்த ஒப்புமையும் வரவில்லை. நெஞ்சுக்குள் வலித்தது. அதுவும் எதைப் போலவும் இல்லை, வலியைப் போலவே இருந்தது.

நாலு நாள் அவள் போனை எடுக்கவில்லை. மூன்று செய்திகள் அனுப்பினேன். இரண்டில் உவமை இருந்தது, பழக்கதோஷம். மூன்றுக்கும் நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் மாலை போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். போனவள்.

"உங்க கம்பெனியிலருந்து எனக்கு மெசேஜ் வந்திருக்கு" என்றாள். "குடும்ப விழாவுல கலந்துக்கிட்டதுக்கு நன்றியாம். பரிசு வாங்கிக்கிட்டதுல மகிழ்ச்சியாம். நாலு வருஷம் கூப்ட்டு வராதவ, போனப்புறம் வந்துட்டுப் போயிருக்கேன் போலயே?"

படிவத்தில் அவள் நம்பரும் இருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். தரப் பிரிவு.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஓரிடத்தில், காய்ச்சல் விஷயம் வந்தபோது, அந்தப் பக்கம் சிரிப்பதுபோல் ஒரு மூச்சு.

"அவங்க சொன்னாங்களா அத? கதவையே பாத்துட்டுக் கெடந்தேன்னு?"

"ஆமா."

"நெசமாவே கதவத்தான் பாத்துட்டுக் கெடந்தேன்" என்றாள். "சரி வுடுங்க. அவங்க பேரு என்ன?"

சொன்னேன்.

"நல்ல பேரா இருக்கே. என்கிட்ட சொல்லி என்னா பிரயோசனம்? எங்க மாத்திச் சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. அப்பறம், அந்த நம்பர எடுக்கச் சொல்லுங்க. அடுத்த வருஷம் எனக்குச் சேல குடுத்தோம்னு மெசேஜ் வந்தா எங்க வீட்ல என்ன நெனப்பாங்க?"

எங்க வீட்ல. அந்தச் சொல் எனக்கு வலித்திருக்க வேண்டும். அது போய் அமர வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அவள் பேசிக்கொண்டிருந்த ஏழெட்டு நிமிடமும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரே கவலை: இந்த நேரம் பார்த்துப் பண்ணையிலிருந்து இவள் கூப்பிட்டு, லைன் பிஸி என்று வைத்துவிட்டால்?

மறுநாள் காலை எட்டேகால். சிவப்புத் தொட்டியில் இரண்டு பாகங்கள்தான் இருந்தன. அவற்றைப் பேசி முடித்தோம். எல்லோரும் கலையப் போகிற நேரம், சட்டைப் பையிலிருந்து அந்தப் பாஸை எடுத்துத் தொட்டியில் போட்டேன்.

"என்ன சார் இது?"

"கழிபட்டது. நான் கெடுத்தது."

கெடுத்தவனையே கேட்கச் சொல்ல முடியாது இல்லையா? மூத்த ஆபரேட்டர் ஏன்களை எழுதும் தாளை என் கையிலிருந்து வாங்கினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். எனக்கு இருபது வருடமாகப் பதில் சொன்னவர், அனுபவித்துக் கேட்டார்.

"பாஸ்ல ஒரு பேரு, பதிவேட்டுல ஒரு பேரு. ஏன்?"

"அந்தப் பேருக்காரங்க என்னை விட்டுப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. வந்தது வேற ஒருத்தங்க."

பின்வரிசையில் யாரோ, "அடடா" என்றார்கள்.

"போனப்பவே ஏன் சொல்லல?"

"லிஸ்ட் லாக் ஆயிடுச்சு…"

"சார், அது காரணம் இல்ல, சாக்கு. சிஸ்டத்து மேல பழி போடக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஏன்?"

"தனியா வந்து நிக்க வெட்கமா இருந்துச்சு."

"மூணாவது. ஏன் வெட்கம்?"

"நாலு வருஷம் உங்ககிட்ட அளந்துவிட்டிருக்கேன்."

"அது எங்களுக்குத் தெரியும். பாதிய நாங்க நம்பல. நாலாவது." இப்போது அவர் குரலில் விளையாட்டு குறைந்திருந்தது. "அந்தம்மா தன் பேர எழுதினாங்க. நானும் என் சம்சாரமும் பின்னாடிதான் நின்னோம். அப்ப ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"பயம்."

"அஞ்சாவது, கடைசி. யாருக்குப் பயம்? எங்களுக்கா? நாங்க என்ன பண்ணிருப்போம், ரெண்டு நாளு சிரிச்சிருப்போம். ஏன் பயந்தீங்க?"

மிஷின்கள் சூடேறிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு பேர் என் வாயைப் பார்த்தார்கள்.

"அது அவ பேருதான்னு சொன்னா, அவ யாருன்னு நீங்க கேப்பீங்க. யாருன்னு ஒரு வாட்டி சொல்லிட்டா, அப்பறம் டெம்பரவரின்னு சொல்ல முடியாது. அதுக்குத்தான் பயந்தேன்."

தாளின் அடியில் ஒரு கட்டம் உண்டு: சரிசெய்யும் நடவடிக்கை, பொறுப்பு, முடிக்க வேண்டிய தேதி. ஆபரேட்டர் அதையும் விடவில்லை. பொறுப்பு: சார். தேதி: இன்னிக்கி. எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வேலைக்குத் திரும்பும்போது ஒருவர் என் முதுகில் தட்டினார். இன்னொருவர், "சார், அப்ப அந்தச் சாம்பார் பூச்சியும் வேற ஒருத்தங்களோடதா?" என்று கேட்டுவிட்டு ஓடினார்.

ஹெச்.ஆர். பெண்ணிடம் போய், கையெழுத்தில் இருப்பதுதான் வந்தவங்க பெயர் என்று சொல்லி, அச்சிட்ட பெயரை அடித்துவிடச் சொன்னேன். நம்பரை எடுக்கச் சொன்னேன். இது விதிமீறல் சார், மேலே சொல்ல வேண்டியிருக்கும் என்றார். சொல்லுங்க என்றேன். கோபம் தணிந்த பிறகு, "உறவுன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன போடறது?" என்றார்.

"காலியா விடுங்க. அது நான் நிரப்பற கட்டம் இல்ல."

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பேரிகை பஸ் ஏறினேன்.

பண்ணை வாசலில் டெம்போ ஒன்று நின்றது. தொரப்பள்ளிப் பக்கமிருந்து ஒரு விவசாயி முட்டைக்கோசு நாற்று ஏற்ற வந்திருந்தார். இவள் காதில் பேனாவோடு தட்டுகளைக் கன்னடத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எண்ணிக்கை தவறவில்லை. ஐம்பது வந்ததும்தான் நிறுத்தினாள்.

"அக்கா போன் பண்ணாங்க" என்றாள். பொரித் தட்டுக்கு நடுவில் இவளும் ஆபரேட்டரின் மனைவியும் நம்பர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். "மொத்த ஷிப்டும் நிக்க வச்சுக் கேட்டாங்களாமே?"

"ஆமா."

"அழுதீங்களா?"

"இல்ல."

"அழுதீங்கன்னு அக்கா வூட்டுக்காரரு சொன்னாராம்."

"அவரு கண்ணாடி மாத்தணும்."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், நேராக, தட்டைக் கீழே வைத்துவிட்டு. "அவங்க நாளைக்கே திரும்பி வந்தா?"

வாயைத் திறந்தேன்.

"போல, மாதிரி, ரெண்டும் இல்லாமச் சொல்லுங்க."

வாயை மூடிக்கொண்டேன். இரண்டையும் கழித்தால் என்னிடம் மிஞ்சுவது கொஞ்சம்தான் என்று தெரிந்தது. அந்தக் கொஞ்சத்தைச் சொன்னேன்.

"நேத்து போன் பண்ணாங்க. பேசினேன். நீ கூப்ட்டு லைன் பிஸியா இருந்துடுமோன்னே நெனச்சிட்டிருந்தேன்."

"நான் கூப்புடல."

"தெரியும்."

கொட்டகைக்குள் தண்ணீர் தெளிப்பான் ஒரு சுற்று சுற்றி நின்றது. அவள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள்.

"அந்த விதைக் கம்பெனிக்காரன் முந்தாநாளு வந்தான்" என்றாள். "புது ரகத் தக்காளி. எக்கராவுக்கு இவ்ளோ, காயி இவ்ளோ எடன்னு சொல்லிக்கினே இருந்தான். நின்னு கேட்டேன். என்ன இந்தாளு, ஒண்ண இன்னொண்ணோட ஒப்பிடாமலே இம்புட்டு நேரம் பேசறான்னு எனக்குச் சலிப்பா போச்சு. அப்பவே தெரிஞ்சிடுச்சு, நான் கெட்டுப் போயிட்டேன்னு."

நான் ஏதோ சொல்லப் போனேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. கெடுத்துடுவீங்க."

விவசாயிக்குப் பொறுமை போய்விட்டது. டெம்போவின் மேலிருந்து என்னைச் சுட்டி, "ஈயன எவரம்மா?" என்றார். யார் இவர் என்று கேட்கிறார்; அந்த அளவு தெலுங்கு இந்த ஊரில் யாருக்கும் தெரியும்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இஸ்திரி போட்ட கம்பெனிச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, வியர்வை. சாவகாசமாகப் பார்த்தாள். அவள் என்ன சொன்னாலும் நான் அதுவாகிவிடுவது என்று நின்றேன்.

"லோடுமேன்" என்றாள்.

ஷூவைக் கழற்றினேன். தட்டுகளைத் தூக்கினேன். இரண்டிரண்டாகத் தூக்க வேண்டியதை வீரத்தில் நாலாகத் தூக்க, ஓரத்து நாற்றுகள் கழுத்து வளைந்தன. விவசாயி கத்தினார். இது என்னம்மா லோடுமேன், நாற்றைக் கொலை செய்கிறானே என்பதாகத் தெலுங்கில் நீளமாக ஏதோ. அவள் எண்ணுவதை நிறுத்தாமல், திரும்பியும் பாராமல், அவருக்குப் பதில் சொன்னாள்.

"கொத்த. நேர்ச்சுகுண்டாரு."

புதுசு, கத்துக்குவாரு. மரியாதை விகுதி போட்டுச் சொன்னாள். லோடுமேனுக்கு யாரும் அதைப் போடுவதில்லை.

அடுத்து இரண்டு தட்டுகளை மட்டும் எடுத்தேன். இன்னும் நூற்றுப் பதினாறு இருந்தன.